ஊளையும் உறுமலும்

கார் பழுதுபார்க்கும் பட்டறைகளின் வேலைச்சீட்டுகளில் அடிக்கடி காணக்கிடைக்கும் வரி ஒன்று உண்டு: 'பின்னால் சத்தம் வருகிறது.' தமிழில் இதைவிடப் பயனற்ற வாக்கியம் வேறொன்று இருக்கமுடியுமா என்று நமக்கு ஐயம். இந்த ஒரு வரியை நம்பிப் பின்னச்சைக் கழற்றிப் பிரித்துப் போட்டு, குறையேதுமில்லாத பல்சக்கரங்களைக் கலைத்துப் பூட்டி, இல்லாதிருந்த ஓர் ஊளையையும் சேர்த்துக் கொடுத்தனுப்பும் பட்டறைகள் உண்டு. பழியை மெக்கானிக்கின் தலையில் மட்டும் கட்டுவதற்கில்லை. 'வலிக்கிறது' என்பதற்குமேல் ஒரு சொல்லும் சொல்லாத நோயாளியிடம் எந்த மருத்துவர்தான் என்ன செய்வார்?

அம்பாசடர் வகையறா வண்டிகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறோம். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை அடியொற்றி, கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் 2014 வரை தயாரான அவ்வண்டியின் பின்பாகம் எளிமையானது. முன்னாலிருக்கும் எஞ்சினின் சுழற்சி நீண்ட தண்டின் வழியே பின்னே வருகிறது. பினியன் என்னும் சிறிய பல்சக்கரம் கிரௌன் என்னும் பெரிய பல்சக்கரத்தைத் திருப்புகிறது. அங்கிருந்து இருபுறமும் அரைத்தண்டுகள் வழியாகச் சக்கரங்களைச் சேர்கிறது. இவை அனைத்தையும் மூடிய இரும்புக்கூடு, பட்டை ஸ்பிரிங்குகளோடு யூ போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டிருக்கிறது. திண்மையான பின்னச்சு என்ற இந்த ஏற்பாடு பொலேரோ போன்ற வண்டிகளில் இன்றும் தொடர்வதால், நாம் பேசுவது பழங்கதை ஆகிவிடவில்லை.

ஒலி எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் எல்லோரும் முதலில் சொல்ல முற்படுகிறார்கள். நம்பக்கூடாத சாட்சியம் அதுதான். தகட்டால் ஆன வண்டியின் உடல் ஒரு பெரிய மத்தளம்; முன்சக்கரத்தின் முனகலைப் பின்னிருக்கைக்கு அடியில் ஒலிக்கச் செய்யும் வல்லமை அதற்கு உண்டு. எப்போது வருகிறது, எப்படி மாறுகிறது என்பதில் காது அவ்வளவாக ஏமாறுவதில்லை. (அதற்கும் முன்னால் டிக்கியைக் காலி செய்துவிடுவது நல்லது. பின்னச்சின் மேல் சுமத்தப்பட்ட குற்றங்களில் கணிசமானவை ஜாக்கியும் ஸ்டெப்னியும் செய்தவை.)

ஒலிக்குறிப்புச் சொற்களைக் குழந்தைப் பேச்சென்றும் மலிவான உரைநடையென்றும் ஒதுக்கும் பழக்கம் இலக்கிய வட்டங்களில் உண்டு. ஒரு பின்னச்சின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இப்பழக்கம் எவ்வளவு மேம்போக்கானது என்பது புரியும். சக்கரத்தின் சுற்றளவு 1.9 மீட்டர் என்று கொள்வோம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அது விநாடிக்கு ஏறத்தாழ 9 முறை சுழலும். கிரௌனில் 41 பற்களும் பினியனில் 9 பற்களும் இருந்தால், பினியன் விநாடிக்குச் சுமார் 40 முறை சுற்றும். பல்லோடு பல் கூடுவது விநாடிக்கு 360 முறை நிகழும். 360 என்பது ஒரு பாடகியின் குரலெல்லைக்குள் அடங்கும் சுருதி. ஆகவே பல்சக்கரம் கெட்டால் அது பாடுகிறது, அல்லது ஊளையிடுகிறது. சக்கர பேரிங்கின் பாதையில் ஒரு வடு விழுந்தாலோ, குண்டுகள் அதன்மேல் ஏறி இறங்குவது விநாடிக்கு முப்பதைச் சுற்றியே இருக்கும். அந்த அளவில் காது சுருதியைக் கேட்பதில்லை, அதிர்வைத்தான் கேட்கிறது. அதை நாம் உறுமல் என்கிறோம். ஆக, ஊளைக்கும் உறுமலுக்கும் இடையிலான வேற்றுமை பன்மடங்கு அதிர்வெண் வேற்றுமை. வண்டிக்காரர் இவ்விரு சொற்களில் ஒன்றைச் சரியாகத் தேர்ந்து சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இரட்டைக்கிளவிக்கும் இங்கே வேலை இருக்கிறது. 'டங்' என்று ஒருமுறை மட்டும் கேட்பது ஒரு நிகழ்ச்சி. கிளட்சை விடும் கணத்தில் எங்கோ ஓர் இடைவெளி அடைபடுகிறது. தண்டின் கிராஸ் தேய்ந்திருக்கலாம், யூ போல்ட் தளர்ந்திருக்கலாம், பற்களுக்கிடையே இடம் கூடியிருக்கலாம். 'டக்டக்' என்று அடுக்கி வருவது சுழலும் ஏதோ ஒன்றின் புகார். மெதுவாகப் போகையில் சிட்டுக்குருவிபோலக் 'கிரீச் கிரீச்' என்று ஒலித்து வேகத்தோடு விரைவது பெரும்பாலும் கிரீஸ் வறண்ட கிராஸ். தொல்காப்பியத்தின் உரியியல் துவைத்தல், சிலைத்தல், இயம்பல், இரங்கல் என்னும் நான்கையும் ஒலிப்பொருள் தரும் சொற்களாகச் சேர்த்துச் சொல்கிறது; அவற்றுள் இரங்கல் கழிந்துபோனதற்கு வருந்துவதையும் குறிக்கும் என்கிறது. எண்ணெய் வற்றிய பின்னச்சைக் கேட்டவர்கள் இதை மறுக்கமாட்டார்கள்.

இனி, 'எப்போது' என்ற கேள்விக்கு வருவோம். ஆளில்லாத நேர்சாலையில், எஞ்சினை அணைக்காமல் நியூட்ரலில் வண்டியை ஓடவிட்டால், ஒலி எஞ்சினின் வேகத்தைப் பின்பற்றுகிறதா சாலை வேகத்தைப் பின்பற்றுகிறதா என்பது தெரிந்துவிடும். பிறகு கியரில் போட்டு, மிதித்தும் விட்டும் பார்க்கவேண்டும். மிதிக்கையில் மட்டும் ஊளையிட்டால் பற்களின் ஒரு முகத்திலும், காலை எடுத்தபின் ஊளையிட்டால் மறுமுகத்திலும் சந்தேகம் விழுகிறது. மிதிக்கு எந்த வகையிலும் செவிசாய்க்காமல் உறுமிக்கொண்டே வருவது சக்கர பேரிங்கின் குணம். அது வளைவுக்குத்தான் பணியும்: இடப்புறம் திரும்புகையில் எடை வலச் சக்கரத்தின்மேல் சாய்வதால், அப்போது உறுமல் ஓங்கினால் வலப்பக்கத்தைப் பார்க்கவேண்டும். வளைவில் மட்டும் ஒலித்து நேர்சாலையில் மௌனமாகிவிடுவது டிஃப்ரன்ஷியலின் உள்ளிருக்கும் சிறு பல்சக்கரங்களாக இருக்கலாம். நேராகச் செல்லும்போது அவை தமக்குள் சுழல்வதே இல்லை. தார்ச்சாலையிலிருந்து சிமெண்டுச் சாலைக்கு ஏறியதும் குரல் மாறினால் அது டயர். டயரை மாற்றினால் தீர்ந்துவிடும் முனகலுக்காக டிஃப்ரன்ஷியலைப் பிரித்தவர்கள் எத்தனை பேரோ!

பிரிப்பதை நாம் இவ்வளவு அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. கிரௌனும் பினியனும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தப்பட்ட இணை. ஒன்றை மட்டும் மாற்றுதல் ஆகாது. அவற்றின் பற்களுக்கிடையே விடப்படும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான். அளவுமானி வைத்து, மெல்லிய ஷிம் தகடுகளைக் கூட்டிக் குறைத்து, பற்களில் வண்ணம் பூசிப் பதிவு பார்த்துப் பூட்டவேண்டிய வேலை அது. கண்ணளவில் பூட்டப்படும் பின்னச்சு ஊளையிடாமல் என்ன செய்யும்?

இப்போது அச்சின் பல இடங்களில் ஒலிவாங்கிகளைப் பொருத்தி ஓட்டிக்கொண்டே கேட்கும் கருவிகள் வந்துவிட்டனவே என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நல்ல கருவிகள்தாம். ஆனால் எந்த வேகத்தில், எந்த மிதியில், எந்த வளைவில் கேட்பது என்பதைக் கருவி சொல்லாது. வண்டியைத் தினமும் ஓட்டுகிறவர் சொல்லவேண்டும்.

ஒன்றில் மட்டும் சொல்லாராய்ச்சிக்கு நேரமில்லை. உறுமல் நாளுக்குநாள் ஓங்குமானால் உடனே பார்த்துவிடவேண்டும். சில வகை அச்சுகளில் பேரிங் உடைந்தால் சக்கரம் அரைத்தண்டோடு வெளியே வந்துவிடும். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பாகத்தை ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டில் நிறுத்தி, கியரையும் கைப்பிரேக்கையும் விடுவித்து, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுழற்றினால், பட்டை ஸ்பிரிங்கின்மேல் வைத்த மற்றொரு கையில் அந்தக் கரகரப்பு தட்டும். பிறகு எண்ணெய். அடிமட்ட போல்ட்டைத் திறந்து கொஞ்சம் விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்க்கலாம். சாம்பல் நிறப் பசைபோல் நுண்துகள்கள் இருப்பது இயல்பான தேய்மானம். நகத்தால் கிள்ளி எடுக்கக்கூடிய செதில்கள் கிடைத்தால், அப்போது பிரிக்கச் சொல்லலாம்.