ஆற்றுக்குச் சொந்தமான நிலம்

தில்லியில் பழைய ரயில் பாலத்தருகே யமுனையின் நீர்மட்டம் 2023 ஜூலை 13-ஆம் தேதி 208.66 மீட்டரைத் தொட்டது. அதற்கு முந்தைய உச்சம் 1978-இல் பதிவான 207.49 மீட்டர். நாற்பத்தைந்து ஆண்டுக்காலப் பதிவை நதி ஒரு மீட்டருக்கும் மேல் தாண்டியபோது செங்கோட்டையின் பின்புறச் சாலை நீருக்கடியில் போனது. ராஜ்காட் மூழ்கியது. உச்ச நீதிமன்றத்தின் அருகே வரை வெள்ளம் வந்தது. வஜிராபாத், சந்திராவல், ஓக்லா ஆகிய மூன்று குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டதால், வெள்ளம் சூழ்ந்த தலைநகர் குடிதண்ணீருக்குத் தவித்தது.

ஹரியாணா தண்ணீரைத் திறந்துவிட்டது என்று தில்லி அரசும், தடுப்பணை வேறு, நீர்த்தேக்கம் வேறு என்று ஹரியாணாவும் அறிக்கை விட்டுக் கொண்டன. அந்தச் சச்சரவில் ஒரு கணக்கு கவனிப்பாரற்றுப் போனது. 2023-இல் ஹரியாணாவின் ஹத்னிகுண்ட் தடுப்பணையிலிருந்து வந்த உச்ச அளவு விநாடிக்கு சுமார் 3.59 லட்சம் கன அடி. 2013-இல் வந்தது 8 லட்சம் கன அடிக்கும் மேல். அப்போது தில்லியில் நீர்மட்டம் 207.32 மீட்டர்தான். 2019-இல் 8.28 லட்சம் கன அடி வந்தபோது 206.60 மீட்டர். ஆக, முன்பு வந்ததில் பாதிக்கும் குறைவான நீர் முன்பைவிட அதிக உயரத்துக்கு ஏறியிருக்கிறது. வெள்ளம் எத்தனை மணி நேரம் நீடித்தது, தில்லியிலேயே எவ்வளவு மழை பெய்தது என்பனவும் இதில் சேரும். எனினும் அவை மட்டுமே இந்த வேறுபாட்டை விளக்கிவிடாது. நதி பரவுவதற்கான இடம் குறைந்திருக்கிறது, படுகை மண்மேடிட்டிருக்கிறது. ஐ.டி.ஓ. தடுப்பணையின் 32 மதகுகளில் ஐந்து திறக்க முடியாமல் மண்ணில் புதைந்து கிடந்தது அன்றுதான் நாட்டுக்குத் தெரிந்தது.

இதை முன்கூட்டியே சொன்னவர்கள் உண்டு. அவர்களில் முதன்மையானவர் மனோஜ் மிஸ்ரா. இந்திய வனப்பணியிலிருந்து விருப்ப ஓய்வு பெற்று வந்த அவர், 2007-இல் 'யமுனா ஜியே அபியான்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். தூர்ந்துபோன ஒரு நதிக்கு வெள்ளம்தான் உயிர், அந்த வெள்ளம் பரவும் நிலமும் நதியின் உடலே என்பது அவரது வாதத்தின் சாரம். 2023 ஜூன் 4-ஆம் தேதி அவர் காலமானார். அடுத்த ஆறு வாரங்களுக்குள் நதி அவரது வாதத்தைத் தில்லியின் தெருக்களில் வந்து நிரூபித்தது.

காவிரி, கொள்ளிடக் கரைகளில் 'படுகை' என்று விவசாயிகள் அழைக்கும் நிலம் எதுவோ, அதுதான் தில்லியில் 'காதர்'. ஆண்டில் சில வாரங்கள் நீருக்கடியில் இருக்கும். நீர் வடிந்ததும் வண்டல் தங்கி விளையும். தில்லி எல்லைக்குள் நதியும் இந்தப் படுகையும் சேர்ந்து சுமார் 97 சதுர கிலோ மீட்டர். அதில் நீரோடும் பகுதி சுமார் 16 சதுர கிலோ மீட்டர் மட்டுமே. மீதமுள்ளதை 'காலி நிலம்' என்று பார்க்கும் கண்ணில்தான் கோளாறு தொடங்குகிறது. அந்த மணற்படுகை வெள்ள நீரை உறிஞ்சித் தனக்குள் சேமித்து வைக்கிறது. தலைநகரின் வடக்கே பல்லா பகுதியில் இந்தப் படுகையில் தோண்டிய கிணறுகளிலிருந்துதான் தில்லி குடிநீர் வாரியம் நல்ல தண்ணீர் எடுத்து வருகிறது. இயற்பியல் பேராசிரியர் விக்ரம் சோனி போன்றோர் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வந்ததும் இதையே. ஒரு பக்கம் குடிநீருக்காக அண்டை மாநிலங்களிடம் கையேந்திக்கொண்டு, மறுபக்கம் தன் காலடியில் உள்ள நீர்த்தொட்டியின் மேல் கான்கிரீட் ஊற்றும் நகரம் வேறெங்கும் இருக்குமா என்பது சந்தேகமே.

ஆனால் இந்த நிலத்தின் மதிப்பை அரசுகள் சதுர அடியில்தான் அளந்தன. 2005 நவம்பரில் கிழக்குக் கரையில் அக்ஷர்தாம் கோயில் வளாகம் திறக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டுகளில், 2010 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்கான வீரர்கள் குடியிருப்பு அதன் அருகிலேயே எழுந்தது. போட்டி முடிந்ததும் விற்பதற்கென்றே கட்டப்பட்ட 1,168 அடுக்கு வீடுகள் அதில் அடக்கம். மெட்ரோ ரயில் பணிமனைகள் வந்தன. போட்டிக்காகத் 'தற்காலிகமாக' என்று சொல்லி ஒரு பெரிய பேருந்துப் பணிமனையும் படுகையிலேயே அமைக்கப்பட்டது. அரசு அகராதியில் 'தற்காலிகம்' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பது தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இதை எதிர்த்து 2007 ஆகஸ்டில் நதிக்கரையிலேயே யமுனை சத்தியாக்கிரகம் தொடங்கியது. ராஜஸ்தானின் வறண்ட அல்வர் மாவட்டத்தில் கிராம மக்களைத் திரட்டி ஏரி குளங்களை மீட்டுப் பெயர் பெற்ற ராஜேந்திர சிங் அதில் முன்னின்றார். ஆனால் அந்தப் போராட்டத்துக்கு வேராக இருந்தவர்கள் படுகையில் வெள்ளரியும் தர்ப்பூசணியும் காலிபிளவரும் பயிரிட்ட விவசாயிகள். அவர்களில் ஒரு பகுதியினரின் முன்னோர் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, சுதந்திரம் பெற்ற சில ஆண்டுகளிலேயே குத்தகை பெற்றவர்கள். எந்த மாதத்தில் நதி எந்த மேடு வரை ஏறும் என்பதைப் பொறியாளரின் வரைபடமின்றியே அறிந்தவர்கள். வெள்ளம் வருகிறதென்றால் கூரையைக் கழற்றிக்கொண்டு மேட்டுக்குப் போவார்கள், வடிந்ததும் திரும்புவார்கள். நதியோடு இப்படி ஒத்துப்போன குடியிருப்பு நகரத்தில் வேறு இல்லை.

வழக்கும் தொடரப்பட்டது. 2008 நவம்பர் 3-ஆம் தேதி தில்லி உயர் நீதிமன்றம், விளையாட்டுக் குடியிருப்பு உள்ளிட்ட கட்டுமானங்கள் நதிக்கு ஏற்படுத்தும் பாதிப்பை ஆராய நிபுணர் குழு அமைக்க ஆணையிட்டது. அதே நேரத்தில் கட்டுமானம் நிற்கவில்லை. 2009 ஜூலை 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. குறிப்பிட்ட இடம் ஆற்றுப்படுகையிலோ வெள்ளச் சமவெளியிலோ இல்லை என்பது அதன் முடிவு. அக்ஷர்தாமையொட்டிக் கரை எழுப்பப்பட்ட பிறகு வெள்ளம் அங்கே வருவதில்லை, ஆகவே அது படுகையல்ல என்பதே அரசுத் தரப்பு வாதங்களில் முக்கியமானது. ஆற்றை முதலில் ஒரு கரை கட்டித் தடு; தடுத்துவிட்டதால் அந்த இடம் ஆற்றுடையதல்ல என்று பின்னர் வாதிடு! நாட்டில் எந்த ஏரியையும் எந்த ஆற்றையும் இந்த ஒரு தர்க்கத்தைக் கொண்டு முழுவதுமாக விழுங்கிவிடலாம். 2010 செப்டம்பரில், போட்டி தொடங்கச் சில நாள்களே இருந்தபோது யமுனை பெருகி, அந்தக் குடியிருப்பின் நிலவறைகளில் நீர் கசிந்து நின்றது. நீதிமன்றத் தீர்ப்பு நதிக்கு எட்டவில்லை போலும்.

மனோஜ் மிஸ்ரா தளரவில்லை. அவர் தொடுத்த வழக்கில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஜனவரி 13-ஆம் தேதி அளித்த தீர்ப்பு, இந்திய நதிகளின் சட்ட வரலாற்றில் ஒரு மைல்கல். 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்தை அளவாகக் கொண்டு வெள்ளச் சமவெளியை வரையறுக்க வேண்டும். அதில் கட்டுமானம் கூடாது. கட்டட இடிபாடுகளைக் கொட்டினால் ரூ. 50 ஆயிரம் அபராதம் என்றெல்லாம் அது கூறியது. ஒரு நகரவாசி தன் நதிக்காகப் பெற்ற வெற்றி என்ற வகையில் இது கொண்டாடத் தக்கதே.

ஆனால் அதன் பின் நடந்தவற்றைப் பார்க்கும்போது ஒரு கசப்பான கேள்வி எழுகிறது. இந்தத் தீர்ப்பு யார் மீது பாய்ந்தது?

அதற்கு அடுத்த ஆண்டே, 2016 மார்ச்சில், வாழும் கலை அமைப்பின் உலகக் கலாசார விழா அதே படுகையில் மூன்று நாள் நடந்தது. தீர்ப்பாயம் ரூ. 5 கோடி இழப்பீடு விதித்ததே தவிர விழாவை நிறுத்தவில்லை. சேதத்தைச் சீராக்க ரூ. 42 கோடியும் பத்தாண்டுகளும் ஆகும் என்று மத்திய நீர்வளத் துறைச் செயலர் சசிசேகர் தலைமையிலான நிபுணர் குழு பின்னர் கணித்தது. 2017 டிசம்பரில் தீர்ப்பாயம் சேதத்துக்கு அந்த அமைப்பே பொறுப்பு என்று கூறியது, ஆயினும் ரூ. 5 கோடிக்கு மேல் அபராதம் கூட்டவில்லை. அந்த அமைப்போ, சேதம் எதுவும் நேரவில்லை என்றே சொல்லி வந்தது.

மறுபுறம், நதி தூய்மையாகும் வரை படுகையில் உணவுப் பயிர் விளைவிக்கக் கூடாது என்பதும் அதே 2015 தீர்ப்பின் ஒரு பகுதி. கழிவுநீரில் வளரும் கீரையிலும் காய்கறியிலும் நச்சு உலோகங்கள் ஏறுகின்றன என்ற அதன் காரணம் பொய்யல்ல. எனினும் அந்த நச்சைக் கலந்தவர் விவசாயி அல்ல. வஜிராபாத்தில் கோடைக்காலத்தில் நதியின் நீர் ஏறக்குறைய முழுவதும் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. அதற்குக் கீழே நஜஃப்கர் கால்வாய் நகரத்தின் சாக்கடையைக் கொண்டுவந்து கொட்டுகிறது. வஜிராபாத்திலிருந்து ஓக்லா வரையிலான 22 கிலோ மீட்டர், யமுனையின் மொத்த நீளத்தில் இரண்டு சதவீதம்கூட இல்லை. ஆனால் நதியின் மாசில் முக்கால் பங்கு அங்கேதான் சேர்கிறது. மாசுபடுத்திய நகரம் தண்டனை பெறவில்லை. மாசுபட்ட நீரைத் தவிர வேறு நீர் இல்லாத விவசாயி பயிரை இழந்தார். பின்னர் தில்லி வளர்ச்சி ஆணையத்தின் புல்டோசர்கள் பேலா எஸ்டேட்டிலும் சில்லா காதரிலும் விளைந்து நின்ற வயலையும் குடிசையையும் அழித்தன. 2007-இல் நதிக்காகக் கரையில் உட்கார்ந்தவர்களே நதியின் ஆக்கிரமிப்பாளர்கள் என்று பெயர் பெற்றார்கள்.

இது புதிதல்ல. 2004-இல் யமுனை புஷ்தாவிலிருந்து பல்லாயிரம் ஏழைக் குடும்பங்கள், நதியை அசுத்தப்படுத்துகிறார்கள் என்ற காரணத்தின் பேரில் நகரின் எல்லைக்கு அப்பால் அனுப்பப்பட்டன. அடுத்த சில ஆண்டுகளில்தான் மேலே சொன்ன பெருங்கட்டடங்கள் எழுந்தன. 2024-இல் கீதா காலனி அருகே படுகையில் இருந்த ஒரு சிறிய சிவன் கோயிலை இடிக்க உயர் நீதிமன்றம் அனுமதித்தது. ஆற்றங்கரை தடையின்றி இருந்தால் சிவபெருமானே மகிழ்வார் என்ற பொருளில் நீதிபதி கருத்துரைத்தார். உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. சட்டப்படி சரியான தீர்ப்பே. ஆனால் சிறிய சிவன் ஒதுங்கிக்கொள்ள வேண்டும், பெரிய கோபுரங்கள் இருந்துகொள்ளலாம் என்பதுதான் நடைமுறையாக முடிந்திருக்கிறது.

நகரம் வளர்கிறது, மக்களுக்குப் பாலமும் ரயிலும் வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டும்தான். ஆற்றைக் கடந்தே ஆக வேண்டிய பாலமும், ஆற்றில் அமர்ந்தே ஆக வேண்டிய அவசியமில்லாத குடியிருப்பும் ஒன்றல்ல. அண்மை ஆண்டுகளில் வளர்ச்சி ஆணையம் படுகையைச் 'சீரமைத்து' அஸிதா, பான்சேரா என்று பூங்காக்களை உருவாக்கியுள்ளது. இடிபாடுகள் அகற்றப்பட்டு நீர்நிலைகள் தோன்றிய இடங்களில் இது முன்னேற்றம். நடைபாதையும் உணவகமும் பெருகும் இடங்களில், பழைய ஆக்கிரமிப்பின் பசுமை வண்ணம். வஜிராபாத் அருகே பேராசிரியர் சி.ஆர். பாபுவின் வழிகாட்டுதலில் உருவான யமுனை பல்லுயிர்ப் பூங்கா, அலங்காரமில்லாமலேயே ஈரநிலத்தை மீட்க முடியும் என்று முன்னரே காட்டியிருக்கிறது.

சிக்கலின் முடிச்சு வேறிடத்தில் இருக்கிறது. படுகை நிலம் மத்திய அரசின் கீழ் உள்ள வளர்ச்சி ஆணையத்துக்கு, குடிநீரும் சாக்கடையும் தில்லி அரசுக்கு, ஐ.டி.ஓ. தடுப்பணை ஹரியாணாவுக்கு, ஓக்லா தடுப்பணை உத்தரப் பிரதேசத்துக்கு. நதிக்கு மட்டும் யாரும் பொறுப்பல்ல. எதிரெதிர்க் கட்சிகளின் ஆட்சி என்ற சாக்கு நெடுநாள் சொல்லப்பட்டது. 2025 பிப்ரவரியில் தில்லியிலும் பாரதிய ஜனதா கட்சி வென்றதோடு இந்த நான்கு அரசுகளும் ஒரே கட்சியின் கைக்கு வந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் யமுனை மறுபடியும் 207.48 மீட்டருக்கு ஏறியது. ஹத்னிகுண்டிலிருந்து வந்தது இம்முறையும் 3.3 லட்சம் கன அடிக்குள்தான்.

வெள்ளச் சமவெளிகளை வகைப்படுத்திக் காக்க மாதிரி மசோதா ஒன்றை மத்திய அரசு 1975-இலேயே மாநிலங்களுக்கு அனுப்பியது. மணிப்பூர், ராஜஸ்தான், ஜம்மு-காஷ்மீர், உத்தரகண்ட் ஆகியவை மட்டுமே பெயரளவிலாவது சட்டம் இயற்றின. தில்லி இல்லை; 2015 டிசம்பரில் அடையாற்றைக் கண்ட தமிழகமும் இல்லை. 2016 அக்டோபரில் கங்கைக்காகப் பிறப்பிக்கப்பட்ட மத்திய அரசின் ஆணை, துணை நதிகளின் படுகையிலும் கட்டுமானத்தைத் தடுக்கிறது. அந்த ஆணை யமுனைக்கும் பொருந்தும். ஆயினும் 2021-இல் வெளியான தில்லியின் 2041-ஆம் ஆண்டுக்கான பெருந்திட்ட வரைவு, படுகையை 'நதி மண்டலம்', 'நதிமுகப்பு மண்டலம்' என இரண்டாகப் பிரித்து, இரண்டாவதில் கட்டுப்படுத்தப்பட்ட வளர்ச்சிக்கு வழிவிட்டது. முதல் மண்டலத்தின் எல்லைக் கல்லை எங்கே நடுவது என்பதில்தான் இனி எல்லாமும் இருக்கிறது. அதை நடும் குழுவில் அதிகாரிகளும் பொறியாளர்களும் இருப்பார்கள். 2023-லும் 2025-லும் குழந்தைகளையும் மாடுகளையும் மேம்பாலத்தின் மீது ஏற்றிவிட்டு, கீழே எந்தத் தூண் வரை நீர் வந்தது என்று பார்த்திருந்த காதர் விவசாயிகளுக்கு அந்தக் குழுவில் ஓர் இருக்கை ஒதுக்கப்படுமா?