கரும்பூஞ்சையால் தாடை இழந்தோர்: பல் பொருத்தும் முன் எலும்பை மீட்டமைத்தல்

2021ஆம் ஆண்டு கொரோனாவின் இரண்டாம் அலையின்போது, கரும்பூஞ்சை என்று அறியப்பட்ட மியூக்கர்மைக்கோசிஸ் நோய் நாடெங்கும் பெருகியது. அவ்வாண்டு மே மாதத்தில் தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்கள் அதனை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தன. ஜூலைக்குள் இந்தியாவில் 40,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். அவர்களுள் பலருக்கு, உயிரைக் காக்க மேல்தாடை எலும்பைப் பற்களோடு அகற்ற வேண்டியிருந்தது. அலை ஓய்ந்துவிட்டது, ஆனால் தாடை இழந்தோர் பலருக்குச் சிகிச்சையின் இறுதிக்கட்டம் இன்னும் எஞ்சியிருக்கிறது.

பல் அழகுக்காக மட்டுமன்று

மேல்தாடை அகற்றப்பட்டால் வாய்க்கும் மூக்கிற்கும் இடையே திறப்பு உண்டாகலாம். குடிக்கும் நீர் மூக்கின் வழியே வெளியேறும்; பேச்சு தெளிவற்றுப் போகும். மெல்ல இயலாதவர் கஞ்சி, குழைந்த சோறு, இட்லி போன்ற மாவுச்சத்து மிகுந்த மென்மையான உணவையே பெரிதும் நாடுவர். காய்கறி, பயறு, இறைச்சி ஆகியவை குறையும்போது இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகிறது. கரும்பூஞ்சை பற்றுவதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று கட்டுப்பாடற்ற நீரிழிவே. எனவே மெல்லும் திறனை மீட்பது சிகிச்சையின் ஒரு பகுதியே. விரும்பினால் செய்துகொள்ளும் அலங்காரம் அன்று.

எலும்பு ஏன் தேவை?

இம்பிளான்ட் என்பது செயற்கைப் பல்லைத் தாங்குவதற்காகத் தாடை எலும்பினுள் பதிக்கப்படும் டைட்டானியத் திருகு. அதனைச் சுற்றி எலும்பு வளர்ந்து இறுகப் பற்றிக்கொண்டால்தான் அது மெல்லும் விசையைத் தாங்கும். இதற்குப் பொதுவாக 3 முதல் 6 மாதங்கள் ஆகும். பற்றிக்கொள்ள எலும்பே இல்லாத இடத்தில் திருகு நிலைக்காது.

இன்று உள்ள வழிகள்

முதலாவது, அறுவையின்றி அமையும் வழி. திறப்பை அடைக்கும் தகட்டுடன் கூடிய கழற்றி மாட்டும் பல்செட்டு பொருத்தப்படும். உண்பதற்கும் பேசுவதற்கும் விரைவில் உதவும் இது, பெரிய அறுவையைத் தாங்க இயலாதவர்களுக்கும் ஏற்றது.

இரண்டாவது, எலும்பு ஒட்டு. இழப்பு சிறிதாயின் தாடையின் வேறு பகுதியிலிருந்தோ இடுப்பிலிருந்தோ எடுத்த எலும்பு அங்கே வைக்கப்படும். அது இறுகச் சில மாதங்கள் காத்திருந்த பின்னரே பெரும்பாலும் இம்பிளான்ட் பதிக்கப்படும்.

மூன்றாவது, காலிலிருந்து எலும்பு மாற்றுதல். இழப்பு பெரிதாயின், முழங்காலுக்குக் கீழே வெளிப்புறம் உள்ள ஃபிபுலா என்னும் மெல்லிய எலும்பின் ஒரு பகுதி இரத்தக் குழாய்களுடன் எடுக்கப்பட்டுத் தாடையின் வடிவில் அமைக்கப்படும். அக்குழாய்கள் நுண்ணோக்கியின் உதவியுடன் கழுத்துக் குழாய்களோடு இணைக்கப்படும். இரத்த ஓட்டத்துடன் வருவதால் இவ்வெலும்பு உயிருடன் இருக்கும். உடல் எடையைப் பெரிதும் தாங்குவது காலின் மற்றோர் எலும்பே ஆதலால், பெரும்பாலோர் மீண்டும் நடக்க இயலும்.

நான்காவது, கன்ன எலும்பில் நங்கூரமிடுதல். கன்ன எலும்பு நோயின்றி உறுதியாக இருப்பின், 30 முதல் 50 மில்லிமீட்டர் வரை நீளமுள்ள சிறப்பு இம்பிளான்ட்டுகளை அதில் பதிக்கலாம். இதனால் தாடையை மறுபடி கட்டும் தேவை சிலருக்குத் தவிர்க்கப்படும்.

அவசரம் ஏன் கூடாது?

பூஞ்சை எலும்பில் எஞ்சியிருக்கும் நிலையில் புதிய எலும்பையோ திருகையோ வைத்தால் இரண்டையும் இழக்க நேரிடலாம். ஆகவே நோய் அடங்கிய பின் பல மாதங்கள் கண்காணித்து, ஸ்கேன் வழியாக உறுதிசெய்த பின்னரே மறுசீரமைப்பு திட்டமிடப்படுகிறது. ‘சில நாட்களில் நிலையான பற்கள்’ என்னும் விளம்பரங்கள் போதிய எலும்பு உடைய சிலருக்குப் பொருந்தலாம். தாடையை நோய்க்கு இழந்தவர் அவற்றைத் தமக்கான வாக்குறுதியாகக் கொள்ளலாகாது. அதேவேளை, காத்திருக்கும் காலத்தில் சிகிச்சையைக் கைவிடுவதும் தவறு. அக்காலத்தில் தற்காலிகத் தகடு அணியலாம்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

• பூஞ்சை முழுமையாக நீங்கியது எவ்வாறு உறுதிசெய்யப்பட்டது?
• எனக்கு எந்த வழி பொருந்தும்? மற்றவை ஏன் பொருந்தா?
• எத்தனை அறுவைகள்? நிலையான பல் கிடைக்க மொத்தம் எத்தனை மாதங்கள்?
• எந்தக் கட்டம்வரை காப்பீட்டுத் திட்டம் செலவை ஏற்கும்? பல் பொருத்துவதும் அதில் அடங்குமா?

இறுதிக் கேள்வியை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் அறுவைக்கு முன்னரே கேட்டுத் தெளிவது நன்று. எலும்பு மாற்றிய பின் பணமின்றிப் பல் பொருத்தாமல் நின்றுவிட்டால், மெல்லும் திறன் திரும்பாது.

பராமரிப்பாளர் கவனத்திற்கு

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவான எச்பிஏ1சி பரிசோதனையை மருத்துவர் கூறும் இடைவெளியில் செய்விக்கவும். புகையிலையை முற்றிலும் விலக்கவும். நோயாளி எலும்புத் தேய்மானத்திற்கு மருந்து உட்கொண்டால், அதனை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் தெரிவிக்கவும். முகத்தில் வலி, வீக்கம், மரத்துப்போதல், வாயில் சீழ், மூக்கிலிருந்து கருநிறக் கசிவு, பார்வை இரட்டையாகத் தெரிதல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தோன்றினாலும் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் உடனே மருத்துவமனையை அணுகவும்.