வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல்: இத்தனை மருந்து அடித்தும் அடங்காதது ஏன்?

கோடை வெண்டை ஒரு மாதத்தை எட்டும் சமயத்தில் விவசாயிகள் எங்களிடம் அதிகம் கேட்பது இதுதான்: "வைரஸ் தாங்கும் விதை என்று சொல்லித்தான் வாங்கினேன். மூன்று தடவை மருந்தும் அடித்துவிட்டேன். அப்படியும் வயல் மஞ்சளாகிறது. அடுத்து என்ன மருந்து அடிக்கலாம்?"

மஞ்சளான செடியைப் பழையபடி பச்சையாக்கும் மருந்து எந்தக் கடையிலும் இல்லை. இந்த நோய்க்குச் செலவு செய்ய வேண்டிய காலம் விதைப்பிலிருந்து முதல் 40 நாட்கள்தான். பலர் அந்த நாட்களைச் சும்மா விட்டுவிட்டு, பலன் தராத நாட்களில் பணத்தைக் கொட்டுகிறார்கள்.

முதலில் நோயை உறுதி செய்யுங்கள்

மஞ்சள் நரம்புத் தேமலில் இலையின் நரம்புகள் மஞ்சளாகும். நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி முதலில் பச்சையாகவே இருக்கும். முற்றினால் முழு இலையும் மஞ்சளாகி, காய் சிறுத்து, வெளுத்து, நாராகிவிடும். இரும்புச்சத்துக் குறைபாடு இதற்கு நேர்மாறு. அதில் நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி மஞ்சளாகும். இலை ஓரம் மட்டும் மஞ்சளாகி, சுருண்டு, கருகினால் அது தத்துப்பூச்சியின் வேலை. இந்த மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. இலையைப் பறித்துப் பார்க்காமல் கடைக்குப் போகாதீர்கள்.

இன்று தெரியும் மஞ்சள், முன்பே வந்த நோய்

இந்த வைரஸ் விதை மூலம் வருவதில்லை. கை பட்டாலோ கத்தி பட்டாலோ பரவுவதும் இல்லை. வெள்ளை ஈதான் பரப்புகிறது. நோயுள்ள செடியில் சாறு உறிஞ்சிய ஈ, சில மணி நேரத்துக்குப் பிறகு, தான் சாகும்வரை மற்ற செடிகளுக்கு வைரஸைக் கொண்டு போகும். செடிக்குள் வைரஸ் புகுந்து மஞ்சள் தெரிய ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதாவது, இன்று நீங்கள் மருந்து அடிப்பது இரண்டு வாரத்துக்கு முன் வந்துபோன ஈக்கு.

இழப்பும் வயதைப் பொறுத்தது. முளைத்த 20 நாட்களுக்குள் தாக்கினால் 90 சதவீதத்துக்கு மேல் மகசூல் போகும். இரண்டு மாதம் கடந்த செடியில் இழப்பு பாதியளவில் நிற்கும். நோயை 20 நாள் தள்ளிப் போட்டாலே பல பறிப்புகள் உங்கள் கைக்கு வரும்.

'வைரஸ் தாங்கும் விதை' ஏன் கைவிடுகிறது?

இந்த நோய் 1924-ல் அன்றைய பம்பாய் மாகாணத்தில் பதிவானது. பின்னர் வந்த பூசா சவானி ரகம் சில காலம் நோயைத் தாங்கியது, பிறகு தோற்றது. காட்டு வெண்டை இனங்களோடு கலப்புச் செய்து உருவாக்கிய பர்பானி கிராந்தி, அர்கா அனாமிகா ரகங்கள் அடுத்து வந்தன. இவையும் பல இடங்களில் இன்று பழையபடி தாங்குவதில்லை. காரணம், வைரஸும் மாறிக்கொண்டே இருக்கிறது. அதோடு ஒட்டிக்கொண்டு வரும் ஒரு துணை மரபுக்கூறும் சேர்ந்தால்தான் நோய் முழுமையாக வெளிப்படுகிறது என்று 2003-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

எனவே பாக்கெட்டில் 'தாங்கும்' என்று இருந்தால், 'வரவே வராது' என்று படிக்காதீர்கள். 'தாமதமாக வரும்' என்று படியுங்கள். அந்தத் தாமதமும் மதிப்புள்ளதுதான். உங்கள் பகுதியில் சென்ற பட்டத்தில் எந்த ரகம் நின்றது என்று கேட்டறிந்து வாங்குங்கள்.

முதல் 40 நாட்களில் செய்ய வேண்டியவை

• விதைப்புக்கு முன்பே வயலைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை மக்காச்சோளம் அல்லது சோளம் விதையுங்கள். வரப்பில் துத்தி, ரயில் பூண்டு போன்ற களைகளை அகற்றுங்கள். பழைய வெண்டை, கத்தரி, பருத்தி வயலை ஒட்டிப் புதிய வெண்டை வேண்டாம்.

• நேர்த்தி செய்யாத விதையானால் கிலோவுக்கு இமிடாகுளோப்ரிட் 70 டபிள்யூஎஸ் 5 கிராம் கலந்து விதையுங்கள். நிறம் பூசிய விதை பெரும்பாலும் ஏற்கெனவே நேர்த்தி செய்தது. பாக்கெட்டைப் படித்துப் பாருங்கள். இரண்டாம் முறை தேவையில்லை.

• ஏக்கருக்கு 5 மஞ்சள் ஒட்டும் அட்டை வையுங்கள். ஈ வரத் தொடங்குவதை அது காட்டிக்கொடுக்கும்.

• 15-ம் நாளிலிருந்து வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம் தெளியுங்கள். 10 கிலோ பருப்பை இடித்து, இரவு ஊறவைத்து, வடிகட்டி, 200 லிட்டராக்கி, சிறிது சோப்புக் கரைசல் சேர்க்க வேண்டும். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும். ஈ அங்கேதான் இருக்கும்.

• ஈ பெருகினால் மட்டும், பூப்பதற்கு முன் ஒரு முறை, மாலையில் தயாமீத்தாக்சம் 25 டபிள்யூஜி ஏக்கருக்கு 40 கிராம் தெளிக்கலாம். விதை நேர்த்தி மருந்தும் இதுவும் ஒரே வகை. திரும்பத் திரும்ப அடித்தால் ஈ பழகிக்கொள்ளும்.

• சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகளைத் தொடர்ந்து அடிக்காதீர்கள். ஈயைத் தின்னும் பொறிவண்டும் ஒட்டுண்ணிக் குளவியும் செத்து, வெள்ளை ஈ முன்பைவிடப் பெருகும். யூரியாவை அதிகம் போட்டாலும் அப்படித்தான்.

• மஞ்சள் தெரிந்த முதல் சில செடிகளை, ஈக்கள் சோம்பியிருக்கும் விடியற்காலையில் பிடுங்கி, சாக்கில் போட்டு, வெளியே கொண்டுபோய்ப் புதையுங்கள்.

வயல் மஞ்சளாகிவிட்டால்

பூப்பதற்கு முன்பே பாதி வயல் மஞ்சளாகிவிட்டால் உழுதுவிட்டு வேறு பயிருக்கு மாறுங்கள். மனம் கேட்காதுதான். ஆனால் அதற்குமேல் போடும் ஒவ்வொரு ரூபாயும் நட்டம்தான். காய்ப்புக்கு வந்தபின் மஞ்சளானால், விற்கும் காய் கிடைக்கும் வரை பறியுங்கள். நோய்க்கென்று மருந்து அடிக்காதீர்கள். பறிப்புக் காலத்தில் மருந்து அடித்தால் காயில் நஞ்சு தங்கும். மோனோகுரோட்டோபாஸ் போன்றவற்றைக் காய்கறியில் தொடவே கூடாது. 2005-லேயே காய்கறிக்குத் தடை செய்யப்பட்டது அது.

காய் ஓய்ந்த வெண்டையை மறுதாம்புக்கு விடாதீர்கள். அந்தப் பழைய வயல்தான் பக்கத்து நிலத்து இளஞ்செடிக்கு நோயை அனுப்புகிறது. ஈக்கு வரப்பு தெரியாது. ஒரே பகுதியில் வெண்டை வைப்பவர்கள் பேசிவைத்து, ஒரே வாரத்தில் விதைத்து, ஒரே சமயத்தில் பழைய பயிரை உழுதுவிட்டால், எந்த மருந்தையும்விட அது அதிகம் காப்பாற்றும். அடுத்த பட்டத்துக்கு விதை வாங்கும் முன், பக்கத்து நிலத்துக்காரரிடம் இதைப் பேசிவிடுங்கள்.