ஜப்பானிய அரக்குக் கலங்கள்

பழம்பொருள்களைத் தேடித் தொகுத்து இல்லத்தில் அழகுற வைத்தல் செல்வர்க்குரிய பொழுதுபோக்கென்று பலர் கருதுவர். பொழுதுபோக்கேயாயினும், தொகுக்கும் பொருளின் இயல்பறிந்து தொகுத்தல் வேண்டுமென்பது நமது துணிபு. ஜப்பானிய அரக்குக் கலங்களைத் தேடிப் பெறுவாரிடத்து இவ்வறிவு பெரிதும் குறைந்தே காணப்படுகின்றது.

அரக்கு என்னும் பெயரை வேறு சொல்லின்மையின் ஆள்கின்றோம். நம் நாட்டு அரக்கு பூச்சியினின்றும் பிறப்பது. ஜப்பானியர் உருஷி என வழங்குவதோ ஒரு மரத்தின் பால். பத்துப் பதினைந்து ஆண்டு வளர்ந்த மரத்தின் பட்டையைக் கீறி வடிக்குங்கால் ஒரு பருவத்தில் ஏறக்குறைய 200 கிராமே கிட்டும். பின்னர் அம்மரத்தை வெட்டிவிடுவர். ஏனைய பூச்சுக்களைப்போல் இது வெயிலிற் காய்ந்து இறுகுவதன்று. ஈரமும் வெம்மையும் பொருந்திய காற்றிலேயே இறுகுவது. ஆதலின் பூசிய கலத்தை ஈரம் பேணும் அடைப்பினுள் வைத்து, ஒன்றன்மேலொன்றாகப் பல பூச்சிடுவர். இறுகாத பூச்சின்மீது பொன்துகள் தூவி ஓவியம் அமைத்தலை மாகியே என்பர்.

இறுகிய உருஷியின் வன்மை வியக்கத்தக்கது. 1873ஆம் ஆண்டு வியன்னா கண்காட்சிக்குச் சென்ற பொருள்களை ஏற்றித் திரும்பிய நீல் என்னும் பிரெஞ்சுக் கப்பல், 1874இல் இசு தீபகற்பத்தருகே மூழ்கிற்று. ஓராண்டுக்கு மேல் கடலடியிற் கிடந்த அரக்குக் கலங்கள் சில, மீட்கப்பட்டபோது பெரும் பழுதின்றியே இருந்தன. கடல் செய்யாத கேட்டை வரவேற்பறைச் சாளரம் செய்துவிடும்! வெயிலொளி படப்பட மெருகு மங்கி நுண்ணிய வெடிப்புக்கள் தோன்றும். அதன்பின் விரலின் வியர்வையும் கறையாய்ப் படியும். வறண்ட காற்றிலோ உள்மரம் சுருங்கிப் பூச்சுப் பெயரும்.

இவற்றையெல்லாம் அறியாது, கண்ணாடி அலமாரியில் இருபது கலங்களை நெருக்கி, மின்விளக்கை நேரே பாய்ச்சி வைப்பார் பொருளையும் கெடுக்கின்றனர், அழகையும் இழக்கின்றனர். ஜுனிச்சிரோ தனிசாகி, 1933இல் வெளிவரத் தொடங்கிய நிழலைப் பற்றிய தம் கட்டுரையில், இக்கலங்களின் பொலிவு மங்கிய விளக்கொளிக்கே உரியதெனக் காட்டியுள்ளார். பொன்னோவியம் இருளினின்று சிறிது சிறிதாகத் தோன்றுதற்கே தீட்டப்பட்டது. ஜப்பானியர் இத்தகைய கலத்தைக் கிரி என்னும் இலேசான மரத்தாற் செய்த பெட்டியில் வைத்துக் காப்பர்; பருவத்திற்கும் விருந்திற்கும் ஏற்றதொன்றை மட்டும் வெளியே எடுப்பர். இம்முறையே நமக்கு உவப்பானது.

அவ்வாறாயின் இவையனைத்தும் காட்சிச்சாலைக்கே உரியவோ எனின், அன்று. 1640ஆம் ஆண்டையொட்டிச் செய்யப்பட்ட பெரும் பேழையொன்று 1941 முதல் காணாமற்போயிருந்தது. அது ஓர் இல்லத்தில் தொலைக்காட்சிப் பெட்டியைத் தாங்கியும், பின்பு மதுக்குப்பிகளை அடக்கியும் இருந்ததாம். ஆம்ஸ்டர்டாம் அரசுக் காட்சிச்சாலை 2013இல் எழுபது இலட்சம் யூரோவுக்கு மேல் ஈந்து அதனைப் பெற்றது. அவ்வில்லத்தாரை நகைப்பார் உளர், நாம் நகையோம். பேழை செய்யப்பட்டது பொருள் வைத்தற்கன்றோ?

ஆயினும் ஒருவகைக் கலத்தின் திறத்தில் நமது மனம் இத்துணை இளகாது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் இயேசு சபைக் குருமார் ஜப்பானியக் கைவினைஞரைக்கொண்டு பூசைப்புத்தகம் தாங்கும் பீடங்களையும், நற்கருணை அப்பம் வைக்கும் சிமிழ்களையும் பொன்னும் முத்துச்சிப்பியும் இழைத்துச் செய்வித்தனர். 1614இல் கிறிஸ்து மதம் நாடெங்கும் தடைசெய்யப்பட்டது. விசுவாசிகள் பலர் உயிர் துறந்தனர். இயேசுவின் திருநாமக் குறியும் திராட்சைக்கொடியும் பொறித்த அத்தகைய சிமிழொன்றைக் காமகுராவிலுள்ள தோக்கெய்ஜி என்னும் பௌத்த ஆலயம் இன்றும் காத்துவருகின்றது. பிறசமயத்தார் பேணிய பொருளை நம்மவர் அணிகலப் பெட்டியாக்குதல் தகுமோ? அவ்வகைச் சிமிழை ஏலத்திற் பெறும் அன்பர் அதனைத் திறந்து காட்டுக, மங்கிய ஒளியில் வைத்து மகிழ்க. அதனுட் சுருட்டு மட்டும் வையாதிருப்பாராக.