பல்லு வெளுக்கணுமா? தண்ணியப் பாருங்க!

அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்கு. "மாமா, பல்லை டாக்டர்கிட்ட வெளுக்கவா, வீட்லயே எலுமிச்சையும் உப்பும் தேய்க்கவா?"ன்னு கேட்டா.

டீக்கறைன்னா டாக்டர்கிட்ட கிளீனிங் பண்ணாலே பாதி போயிரும். ஆனா இவ திருச்சுழிப் பக்கம் போர்த்தண்ணி குடிச்சு வளர்ந்த புள்ள. இந்தப் பழுப்பு ஃபுளோரைடு வேலையா இருந்தா, எட்டு வயசுக்குள்ள எனாமல் உருவாகும்போதே உள்ள ஏறினது. எலுமிச்சை எனாமலைத்தான் அரிக்கும். பெராக்சைடு போட்டாலும் திட்டுத் திட்டாத் தெரியலாம். அதனால, என்ன கறைன்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டு அப்புறம் காசைச் செலவழின்னேன்.

என் கவலை அவ தம்பி மேல. அவனுக்கு நாலு வயசு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல ஃபுளோரைடு கூடாதுங்குது உலக சுகாதார நிறுவனம். கொதிக்க வச்சாலும் அது போகாது. தண்ணியைச் சோதிக்கிற செலவு, பல்லை வெளுக்குற செலவுல கால்வாசி கூட வராது மக்கா.

கல்யாணப் பொண்ணு பல்லு மூடாமலே சிரிக்கட்டும். சின்னவன் பல்லையாவது காப்பாத்துவோம். என்ன சொல்றீங்க?