துபாய்க்கு 4 மணி நேரம்தானா? ஒடுகத்தூரில் இருந்து கணக்குப் போட்டால் 11 மணி நேரத்தைத் தாண்டும்!

சென்னை டு துபாய் எவ்வளவு தூரம்னு தேடினால், சுமார் 2,930 கி.மீ., 4 மணி நேரம்னு உடனே பதில் வந்துடும். பதில் சரிதான். ஆனால், அதை மட்டும் நம்பி ஒடுகத்தூரில் இருந்து கிளம்ப முடியாது.

இந்த 4 மணி நேரம் எப்படி வருது?

பூமி உருண்டை. அதனால், இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்துக்கொண்டு, உருண்டையின் மேல் இரண்டையும் இணைக்கும் மிகக் குறுகிய வளைவை அளக்கிறார்கள். இதற்குப் பெருவட்டத் தூரம் என்று பெயர். அதை ஜெட் விமானத்தின் வேகமான மணிக்கு சுமார் 850 கி.மீ.யால் வகுத்தால் மூன்றரை மணி நேரம். ஓடுபாதைக்குப் போக, மேலே ஏற, கீழே இறங்க அரை மணி நேரம். மொத்தம் 4.

காற்றும் வான்வெளியும்

ஆனால் விமானம் எப்போதும் அந்த வளைவிலேயே பறக்காது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதும், டெல்லியில் இருந்து ஐரோப்பா போகும் இந்திய விமானங்கள் சுற்றிப்போக வேண்டியதாச்சு. காற்றும் ஒரு காரணம். உயரத்தில் மேற்கில் இருந்து கிழக்கே பலமாக வீசும் ஜெட் காற்று, ஐரோப்பா போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று. தோல், ஷூ ஆர்டருக்காக ஜெர்மனி போய்வரும் ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு இது தெரியும். சுமார் 7,600 கி.மீ. தள்ளியிருக்கும் பிராங்பர்ட்டுக்குப் போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றாக இருக்காது.

டிக்கெட்டில் இருக்கும் நேரம்

காலை 10 மணிக்குக் கிளம்பி 12.30க்கு துபாய் போய்ச் சேரும்னு டிக்கெட்டில் இருந்தால், இரண்டரை மணி நேரப் பயணம்னு நினைக்கக் கூடாது. அங்கே கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். நம்ம ஊரில் அப்போது மதியம் 2 மணி.

வீட்டு வாசலில் இருந்து எண்ணுங்க

அதே 10 மணி விமானத்துக்கு 7 மணிக்கே மீனம்பாக்கத்தில் இருக்கணும். ஒடுகத்தூரில் இருந்து 150 கி.மீ.க்கு மேல் சாலைப் பயணம். காரில் போனாலும் அதிகாலை 3.30க்குக் கிளம்பணும். பஸ்ஸை நம்புபவர் வேலூர் போய், சென்னைக்கு வண்டி மாறி, அங்கிருந்து விமான நிலையம் போகணும். அதாவது முந்தைய இரவே புறப்படணும். துபாயில் குடியேற்றச் சோதனை முடிந்து வெளியே வர ஒரு மணி நேரம்னு வைத்தாலும், காரில் போனவருக்கே பதினொன்றரை மணி நேரம் ஆகுது. அதில் பறந்தது 4 மணி நேரம்.

அப்போ எங்கே நேரத்தைக் குறைக்கலாம்? உடான் திட்டத்தில் வேலூர் அப்துல்லாபுரம் விமான நிலையம் தேர்வானது நல்ல விஷயம்தான். ஆனால் வேலூரில் இருந்து சென்னைக்குச் சிறிய விமானத்தில் அரை மணி நேரத்தில் பறந்தாலும், அதற்காக முன்கூட்டியே போய்க் காத்திருக்கும் நேரம் அந்த லாபத்தைத் தின்றுவிடும். கடன் வாங்கி விசா எடுத்து வேலைக்குப் போகும் ஒருவருக்கு, விமானத்தைத் தவறவிட்டால் டிக்கெட் பணமும் போச்சு, சில நேரம் வேலையும் போச்சு. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாக மீனம்பாக்கம் வாசலுக்கே, விமான நேரங்களுக்கு ஏற்ப இரவிலும் ஓடும் பஸ்கள்தான் அவருக்கு உடனடித் தேவை.

டிக்கெட் விற்கும் தளங்களும் மொத்தப் பயண நேரத்தை, உள்ளூர் நேர வித்தியாசத்தோடு பெரிய எழுத்தில் காட்டட்டும். அதுவரைக்கும் டிக்கெட் போடும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'வீட்டில் இருந்து எத்தனை மணிக்குக் கிளம்பணும்?' என்பதுதான்.