மிக்ஸ் பண்ணிக் கொடுத்தது யார்?

ஒரு பெண் தானே எழுதி, மெட்டமைத்து, வீட்டு அறையில் பதிவு செய்து, மிக்ஸிங்கும் முடித்த பாட்டைக் கேட்கக் கொடுத்தால் முதலில் வரும் கேள்வி: "யார் மிக்ஸ் பண்ணிக் கொடுத்தாங்க?" ஆணிடம் கேட்பது: "என்ன மைக்?"

கேட் புஷ் தன் வீட்டு ஸ்டுடியோவில் தானே தயாரித்த 'ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்' 1985இல் வந்தது. முப்பது ஆண்டு கழித்தும், மூன்று வருடம் பூத்தையல்போல் தாளம் கோத்த 'வெஸ்பர்டைன்' ஆல்பத்தில் கடைசி இரண்டு வாரம் வந்துபோன ஆண்களுக்கே பெயர் கிடைத்ததென்று பியோர்க் 2015இல் சொல்ல வேண்டியிருந்தது.

"குரல் இனிமை" என்பது கருத்தல்ல, உபசாரம். "இரண்டாம் சரணத்தில் கிடார் குரலை மூடுகிறது, 300 ஹெர்ட்ஸ் பக்கம் குறைத்துப் பார்" என்பதே கருத்து. "கீச்சென்று இருக்கு, குறை" என்பதையும் அப்படியே ஏற்காதீர்கள். அவர்கள் குறைக்கச் சொல்லும் 3000 ஹெர்ட்ஸ் பக்கம்தான் நம் காது கூர்மையாகக் கேட்கிறது. மெய்யெழுத்துகள் தெளிவதும் அங்கேதான். அளவுக்குமேல் வெட்டினால் இனிமை மிஞ்சும், சொல் போய்விடும். நாம் எழுதிய சொல்.

எழுத்து, இசை, பதிவு, மிக்ஸிங்: நான்கிலும் உங்கள் பெயரைப் போடுங்கள். இன்னொருத்தி பாட்டைக் கொண்டுவந்தால், எப்படிச் செய்தாள் என்று கேளுங்கள்.